பதினான்காம் கூண்டின் சர்க்கரைத் தண்ணீர்

பதினான்காம் கூண்டில் சர்க்கரைத் தண்ணீர் குறையவே இல்லை.

ரென்சோ குப்பியைச் சிவப்பு விளக்கருகே தூக்கிப் பார்த்தான். நேற்று பேனாவால் கிழித்த கோட்டிலேயே நீர்மட்டம் நின்றது. பக்கத்தில் தொங்கிய வெறும் தண்ணீர்க் குப்பி மட்டும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இது மூன்றாவது நாள்.

வெளியே காலை பத்து மணி. தென் சிலியின் வால்திவியாவில் ஜூலை குளிர்காலம்; பகல் என்பது பேச்சுக்குத்தான். இந்த அறைக்குள் அதுவும் இல்லை. எலிகள் இருட்டில்தான் நடமாடும் என்பதால் பகலை இங்கே இரவாக்கி வைத்திருந்தார்கள். தகரக் கூரையில் மழை விடாமல் இரைந்துகொண்டிருக்க, அதற்கடியில் இருபத்து நான்கு கூண்டுகளிலிருந்து பற்கள் கம்பியைக் கொறிக்கும் ஓசையும், சிறுநகங்களின் பிராண்டலும், குப்பி நுனியில் நாக்குகள் படும் சின்னச் சின்னச் சொடக்குகளும் ஒன்றோடொன்று கலந்து, மூத்திர நெடியும் ஈரக் கம்பளியின் வாடையும் கனத்துக் கிடந்த காற்றை மெல்ல அசைப்பதுபோல இருந்தது.

பதினான்கிலிருந்து மட்டும் ஓசை இல்லை.

மனச்சோர்வு பற்றிய சோதனைக்காக ஒன்பது வாரங்களாக இந்த எலிகளை வாட்டிக்கொண்டிருந்தார்கள். கூண்டைச் சாய்த்து வைப்பார்கள், படுக்கையை நனைப்பார்கள், வேளை கெட்ட வேளையில் விளக்கைப் போடுவார்கள். மனம் ஒடிந்த எலிக்கு இனிப்பில் நாட்டம் போய்விடும். தின்னாவிட்டாலும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், உடம்புச் சூடு இறங்கும். மூன்று நாள் தொடர்ந்து இப்படியென்றால் வாயுப் பெட்டிக்குள் வைத்து முடித்துவிட வேண்டும் என்பது சோதனையை நடத்தும் டாக்டரம்மாவின் விதி.

முதல் இரண்டு நாளும் ரென்சோ பதிவேட்டில் பொய் எழுதினான். இருபது மில்லி குடித்தது. சூடு முப்பத்தேழு.

பதினான்கின் ஜோடியைக் கூண்டிலிருந்து தூக்கி எடுத்தவன் அவன்தான். அதுவும் சோதனையின் ஒரு பகுதி. அவன் மனைவி மக்கரேனா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்காகப் பொய் எழுதினானா என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இது சாகக் கூடாது. அவ்வளவுதான்.

கதவைத் தள்ளிக்கொண்டு யெசேனியா வந்தாள். பதினைந்து வருடமாக இங்கே எலி பார்ப்பவள். தலையிலிருந்து மழைநீர் சொட்டியது.

"டேய் ஒல்லி, இன்னுமா அளக்குற? எலிய நீ பாக்குறியா, எலி உன்னப் பாக்குதா?"

"பதினாலு குடிக்கல."

"நேத்து இருபது மில்லின்னு எழுதியிருந்தியே?"

அவன் பதிவேட்டை மூடினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"பொய்யா எழுதின? டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னையும் சேத்துப் பொட்டில வச்சிருவா. சரி, குப்பிய மாத்தி மாட்டிட்டியோ என்னவோ. சர்க்கரை போட மறந்திருப்ப. உனக்கு இப்பல்லாம் உன் செருப்பு எங்கன்னே தெரியல."

அவனுக்கு மூச்சு வந்தது. அப்படியும் இருக்கலாமே. இங்கே எல்லோரும் செய்கிற, விதியில் இல்லாத வேலை ஒன்று உண்டு. குப்பியில் சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார்கள்.

ரென்சோ நக்கினான்.

தண்ணீர். வெறும் தண்ணீர்.

"மறந்துதான் போயிட்டேன்," என்றான். எட்டு மாதத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வரப் பார்த்தது. "சர்க்கரையே இல்ல. எலிக்கு ஒண்ணுமில்ல, யெசேனியா."

அவள் குப்பியை வாங்கினாள். ஒரு சொட்டு விட்டாள். நக்கினாள்.

"என்னடா சொல்ற? பால்பாகு மாதிரி தித்திக்குது."

மழை இரைந்தது.

"இன்னொரு தடவ பாரு," என்றாள், இப்போது கேலி இல்லாமல். அவன் பார்த்தான். நாக்கில் குளிர்ச்சி மட்டும் பட்டது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். உடனே விட்டுவிட்டாள்.

"கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு? எப்படா கடைசியா சாப்பிட்ட?"

"ஞாயித்துக்கிழம."

"இன்னிக்கு வியாழன். இங்கயே இரு. வண்டிய வாசலுக்குக் கொண்டு வரேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம். நகராத, கேட்டுதா?"

அவள் ஓடினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டு பூட்டு விழுந்தது; சாவி உள்ளே ஆணியில் தொங்கியது.

அவன் பதினான்கின் வாலில் ஊசியால் தொட்டு, சர்க்கரை பார்க்கும் பட்டையில் ரத்தம் வாங்கினான். இருநூற்றுப் பதினெட்டு. அடுத்த பட்டைக்குத் தன் விரலைக் குத்தினான். ரத்தம் வர நேரமாயிற்று. பிதுக்கி எடுத்தான். கறுப்பாக இருந்தது. சிவப்பு விளக்கால் என்று நினைத்துக்கொண்டான்.

இருநூற்றுப் பதினெட்டு.

சூடு பார்க்கும் கருவியை எலியின் மேல் காட்டினான். முப்பத்து மூன்று புள்ளி ஆறு. தன் நெற்றியில் வைத்தான். எண்ணைப் படிக்க விருப்பமில்லை. படித்தான். இருபத்தொன்று.

அது அறையின் சூடு.

கருவி கெட்டிருக்கும். பதினைந்தின் மேல் காட்டினான். முப்பத்தேழு. சுவரில் காட்டினான். இருபத்தொன்று. தன் கழுத்தில். இருபத்தொன்று.

அப்போது கொறிக்கும் சத்தம் நின்றது. எல்லாக் கூண்டுகளிலும்.

பதினான்கு எழுந்தது. மூன்று நாளாகத் தண்ணீருக்குத் தவிர மூலையை விட்டு நகராத எலி. கம்பி முகப்புக்கு வந்தது. மூக்கை நீட்டி அவனை முகர்ந்தது. வெகுநேரம் முகர்ந்தது. பிறகு கூண்டில் பரப்பியிருந்த மரச்சீவலை முன்கால்களால் வாரி, கம்பியின் வழியே அவன் மேல் தள்ளியது.

ஒரு வாரல். இன்னொன்று.

பதின்மூன்றும் வந்தது. பதினைந்து. மேல்தட்டு. கீழ்த்தட்டு. இருபத்து நான்கும். முகர்ந்தன. வாரின. தள்ளின. சீவல் அவன் காலணியில் விழுந்தது. முட்டியில். தோளில்.

எலிகள் எதை இப்படி மூடும் என்று அவனுக்குத் தெரியும். கூண்டுக்குள் ஒன்று செத்தால், மற்றது அதை இப்படித்தான் மூடும்.

பின்னால் நகரப் பார்த்தான்.

கால் வரவில்லை.

"ரென்சோ! கதவத் திற! வண்டி வந்திருச்சு!" யெசேனியா கதவை அறைந்தாள். "ஒல்லி, பேசுடா!"

வாயைத் திறந்தான். நாக்கில் சீவல். சுவை இல்லை.

கதவு அதிர்ந்தது. எலிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொறுமையாக, ஒரே தாளத்தில், வாரிக்கொண்டே இருந்தன. முழங்கால் வரை வந்துவிட்டது. இத்தனை சீவல் இந்தக் கூண்டுகளில் இல்லை.