மூடாத டிஸ்க்

டிஸ்க்கின் மேல் தம்பி தன் கோழிக்கிறுக்கலில் ‘அம்மா, 12 நிமிடம்’ என்று எழுதியிருந்தான். அவன் கடை ரெக்கார்டரின் சின்னத் திரையோ பதின்மூன்று என்றது.

“ஒரு நிமிஷம் எங்கிருந்துடா முளைச்சுது?” என்றாள் அக்கா.

“நான் தொடவே இல்லக்கா.”

காலையிலிருந்தே அவளுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. வீட்டு பிளேயர் இந்த டிஸ்க்கை மூன்று முறை துப்பிவிட்டது. பழைய வீடியோ கேசட் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயாகிவிட்டது. செத்துப்போன அம்மா நடமாடுவதைப் பார்க்க இனி இது ஒன்றுதான். ஊரார் கேசட்டையெல்லாம் டிஸ்க்காக்கித் தரும் இந்த மகராசன், சொந்த அம்மாவைச் சொதப்பி வைத்திருக்கிறான்!

“இது ஆர்டபிள்யூக்கா. அழிச்சு அழிச்சு எழுதலாம். அன்னிக்குக் கைக்கு அதுதான் கிடைச்சுது. இன்னும் மூடல, அதான் வீட்ல ஓடல.”

எழுதியது போதும் என்று டிஸ்க்குக்கு முடிவு கட்டுவதை அவன் தொழிலில் ‘மூடுவது’ என்பார்கள். மூடிவிட்டால் அதற்குமேல் எதையும் சேர்க்க முடியாது.

“அழியுற டிஸ்க்லயாடா அம்மாவைப் போடுவ? மூளையைக் கழட்டி வச்சுட்டா வேலை பாக்குற?”

“சரி, மாத்திடறேன். பிளஸ் ஆர் டிஸ்க்கா, மைனஸ் ஆர் டிஸ்க்கா? ரெண்டும் ஒரே தடவைதான் எழுதும்.”

“என் பிளேயர் மைனஸ்தான் எடுக்கும். ஜென்மத்துக்கும் அழியக் கூடாது!”

முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். மதிய வெயிலுக்காகப் பாதி இறக்கிய ஷட்டரின் கீழே வெளிச்சம் தரையோடு தவழ, சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை மூக்கை அடைக்க, மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ‘டக்’கென்று ஒரு முறை இடித்துக்கொள்ள, டிவி திரையில் அம்மா ஜன்னலோரம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் சாத்திய கதவு. பன்னிரண்டாவது நிமிடத்தில் நிமிர்ந்து சிரித்தாள்.

“போதும்டா, மூடுடா.”

அவனிடம் ‘டா’ போடாமல் அம்மாவுக்கு ஒரு வார்த்தை வராது. அன்று படம் எடுத்த அவன் உடனே லென்ஸை மூடினான். படம் அங்கே முடிய வேண்டும்.

முடியவில்லை. அம்மா அப்படியே நின்றாள். சிரிப்பு இல்லை. பின்னால் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

“மூடு” என்றது குரல்.

“அக்கா, அம்மா வாய் அசையல.”

“பழைய கேசட். சத்தம் முந்திக்கிட்டுப் போகுது. இதைக்கூட நான்தான் சொல்லணுமா?”

“தலையை ஆட்டறாங்க பாரு. வேண்டாங்கற மாதிரி…”

“உன்னைப் பெத்ததுக்கு ஆட்டறாங்க!”

சின்னத் திரையில் பதினான்கு. பயந்தால் கத்துவதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரியாது.

“எழுதுடா! எழுதி மூடித் தொலை!”

மைனஸ் ஆர் உள்ளே போனது. எழுதும் இரைச்சலுக்கு நடுவே, நகத்தால் பிறாண்டுவது போல ஒரு சத்தம். நின்றது. மறுபடி. கடைசியில் மூடிவிட்டான்.

“பழசை அழி. அந்தக் கருமம் இருக்கவே கூடாது.”

“அது பாட்டுக்கு இருக்கட்டுமேக்கா, ஒரு காப்பிக்கு…”

“என் கண்ணெதிர்ல அழிடா!”

அழித்தான்.

புதிய டிஸ்க்கைப் போட்டதும் பன்னிரண்டு என்று காட்டியது. “பாத்தியா?” என்றாள் அக்கா, ஜெயித்த திமிரில்.

படம் வந்தது.

துணிகள் தரையில். கதவு மூடியிருந்தது. உள்பக்கம் தாழ். தாழ்ப்பாளின் மேல் விரல்கள். நீளமானவை. அம்மாவுடையவை அல்ல. அம்மாவின் இரண்டு கைகளும் இந்தப் பக்கம், டிவி கண்ணாடியில், உள்ளிருந்து வெளுத்துப்போய் அழுந்தியிருந்தன.

வாய் அசைந்தது. இம்முறை குரலும் வாயும் ஒன்றாய்.

“திறடா.”

தம்பி ஒவ்வொரு பட்டனாய் அழுத்தினான். “மூடிட்டோமேக்கா,” என்று அழுதான். “இனி இதுல ஒண்ணும் பண்ண முடியாதுக்கா.”

“ஏதாவது பண்ணுடா!”

“அழியாததுதானே கேட்ட…”

திரையில் விரல்கள் தாழ்ப்பாளை விட்டன. ஒவ்வொன்றாய். அவசரமில்லாமல்.

அம்மாவின் தோளில் வந்து அமர்ந்தன.

“திறடா.”