காலண்டருக்குப் பின்னால் ஒரு பச்சைப் புள்ளி

காற்றுநுகரி கூடத்தின் நடுவில் உட்கார்ந்து மூச்சிழுத்துக்கொண்டிருந்தது. எந்த உயிர் எங்கே வசிக்கிறது என்று காற்றை முகர்ந்தே சொல்லிவிடும் கருவி. அரிய உயிர் என்றால் வரைபடத்தில் பச்சைப் புள்ளி விழும். புள்ளி விழுந்த இடத்தை இடிக்கக்கூடாது என்பது சட்டம். அதை நம்பித்தான் வாழிட வாரியத்தில் வேலை பார்க்கும் ஜெசிந்தா, தூத்துக்குடியின் பழைய துறைமுகக் குடியிருப்புக்கு அதைத் தூக்கி வந்திருந்தாள். அவள் பிறந்து வளர்ந்த வீட்டை அடுத்த வாரம் இடிக்கப்போகிறார்கள்.

இப்போது அங்கே இருப்பவர் அப்பாவின் கூட்டாளி செய்யது மாமா. சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர். வீடுகளெல்லாம் காற்றுப் புகாத பெட்டிகளான பிறகு ஊர் உலகத்தில் காணாமல் போன தாவும் சிலந்தி, அதற்குப் பின்னால்தான் குடியிருந்தது. சின்ன வயதில் அப்பா டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் ஓடவிடுவார். ஈயென்று நினைத்து அது விரட்டும். ஏமாந்ததும் திரும்பி முறைக்கும். "கோவக்காரப் பய" என்பார் அப்பா.

புள்ளி விழுந்தது. உலகில் மிஞ்சிய ஒரே புள்ளி!

"பொழச்சோம்மா!" என்றார் மாமா. மீன் அரிந்துகொண்டிருந்த மாமி கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்து அவள் கன்னத்தைத் தடவினார்.

கட்டடம் பிழைத்தது. ஆனால் அரிய உயிரின் வாழிடத்தில் மனிதர் தங்கக்கூடாது என்று இன்னொரு விதி உண்டு. அது காட்டுக்கு மட்டும்தான் என்று ஜெசிந்தா நினைத்திருந்தாள். வாரியம் அப்படி நினைக்கவில்லை. மாமாவையும் மாமியையும் புறநகர் அடுக்ககத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவுக்கு முத்திரை வைத்தது.

மீன் அரிய ஆளில்லாத வீட்டுக்கு ஈ எதற்கு வரும்? ஈ வராத சுவரில் சிலந்திக்கு என்ன வேலை? மழைக்காலம் முடிவதற்குள் புள்ளி அணைந்தது. காரணம் தெரியவில்லை என்று வாரியம் கையை விரித்தது. ஜெசிந்தாவுக்குத் தெரியும். சிறுமி மாதிரி தேம்பித் தேம்பி அழுதாள்.

தை பிறந்ததும் மாமா போனில் கூப்பிட்டார்.

"எம்மா, கோவக்காரப் பய இங்க வந்துட்டான்! காலண்டரக் கையோட கொண்டாந்தேம்லா, அதுல முட்ட இருந்துருக்கும் போல. மீன் வாட போவணும்னு சன்னல் கண்ணாடியக் கழத்திப் போட்டேன், ஈயும் வருது. டார்ச் அடிச்சா என்னமா வெரட்டுதான்!"

அவள் திரையைப் பார்த்தாள். ஊரெங்கும் நட்டுவைத்த நுகரிகளில் ஒன்று அதற்குள் மோப்பம் பிடித்திருந்தது. புறநகரில் ஒரு பச்சைப் புள்ளி. அதன் கீழே, வீட்டைக் காலி செய்யும் ஆணை அனுப்பப்பட்டுவிட்டது என்ற குறிப்பு.

"மாமா, நாளைக்கு ஆளுங்க வருவாங்க" என்றாள், குரலைத் திடப்படுத்திக்கொண்டு. "சண்டை போடாதீங்க. பெட்டி கட்டும்போது காலண்டர மட்டும் மறந்துராதீங்க."