உருளைக்கிழங்குத் தொட்டி

நெட்டைக்கு இடுப்பு கழன்றுவிடும் போல வலித்தது. காலையிலிருந்து தம்பியை இடது பக்கமும் வலது பக்கமும் மாற்றி மாற்றிச் சுமக்கிறாள். அவனுக்கு ஒன்றரை வயது. வீட்டில் அவன் பெயரே மூட்டைதான்.

கப்பலின் மேல்தளத்தில் மஞ்சள் சறுக்கு ஒன்று வளைந்து வளைந்து இறங்கி நீச்சல்குளத்தில் முடிந்தது. ஏறியவர்கள் எல்லாரும் அலறிக்கொண்டே வந்து விழுந்தார்கள். நெட்டைக்கும் அப்படி அலற வேண்டும். நாளைக் காலையில் கப்பல் கரைக்குப் போய்விடும்.

அம்மாவுக்குக் கப்பல் ஏறியது முதல் வாந்தி. அறையில் சுருண்டு கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் அப்பா தூங்கினார். அவர் கப்பல் பட்டறையில் துரு சுரண்டுகிறவர். இந்தக் கப்பலையும் சுரண்டியிருக்கிறார். வேலை நன்றாக முடிந்ததென்று முதலாளி அவரைக் குடும்பத்தோடு இந்தப் பயணத்துக்கு அனுப்பி வைத்தார். அப்பா ஏறினார், சுவரைத் தட்டிப் பார்த்தார், “நல்லா வந்திருக்கு” என்றார், படுத்துவிட்டார்.

எழுப்பியிருக்கலாம். ஆனால் அவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியதைப் பார்த்ததும் நெட்டைக்கு மனம் வரவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு கதவை மெல்லச் சாத்தினாள்.

முதலில் குழந்தைகள் விளையாட்டு அறைக்குப் போனாள்.

“மூணு வயசு ஆகணும்,” என்றார் வாசலில் நின்றவர்.

“அதுக்குள்ள கப்பல் கரைக்குப் போயிடுமே,” என்றாள் நெட்டை.

நீச்சல்குளத்தில் மூட்டையின் காலை நனைத்ததுமே குளத்துக் காவலர் விசில் அடித்தார்.

“டயப்பர் போட்ட குழந்தைங்க குளத்துல இறங்கக் கூடாது.”

“ஏன்?”

“ஏன்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். நேற்று அப்பாவின் தலையணையில் நடந்தது.

மூட்டை தண்ணீரைப் பார்த்துக் கையை நீட்டி ஊளையிட்டான். குளத்தைச் சுற்றி இன்னும் சில மூட்டைகளும் ஊளையிட்டன.

நெட்டை யோசித்தாள். சிற்றுண்டிக் கடைக்குப் பின்னால் இருந்த சமையலறைக் கதவைத் தட்டினாள். பாத்திரம் கழுவுகிற அண்ணன் எட்டிப் பார்த்தார். கையெல்லாம் நுரை. அவருக்குப் பின்னால் அகலமான பிளாஸ்டிக் தொட்டிகள்.

“அண்ணா, ஒரு தொட்டி வேணும்.”

“அது உருளைக்கிழங்கு கழுவுற தொட்டிம்மா.”

“இவனும் அப்படித்தானே இருக்கான்!”

அண்ணன் மூட்டையை மேலும் கீழும் பார்த்தார். “இருக்கான்தான். அதோ பழசு ஒண்ணு கிடக்கு, எடுத்துக்கோ. ஆனா நீதான் தேய்ச்சுத் திருப்பித் தரணும். எனக்கு இங்க மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு.”

“சரிண்ணா.”

தொட்டியை நிழலுக்கு இழுத்து வந்து, கணுக்கால் அளவு தண்ணீர் பிடித்தாள். காவலர் வந்துவிட்டார்.

“என்ன இது?”

“தொட்டி. குளத்துலதானே இறங்கக் கூடாது?”

காவலர் மீசையைத் தடவினார். “பெரியவங்க ஒருத்தர் கைக்கெட்டுற தூரத்துல உட்காரணும். நகரவே கூடாது.”

நெட்டை சுற்றிலும் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் பழக்கமான பஸ் கண்டக்டர் அக்கா, தோளுக்கு ஒன்றாக இரட்டைக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“அக்கா, உங்க குழந்தைங்க ரெண்டு பேரையும் இதுல இறக்குங்க. என் தம்பியையும் பார்த்துக்கிறீங்களா? ஒரு தடவை சறுக்கிட்டு வந்துடுறேன்.”

“தோள்பட்டை போச்சேன்னு நானே அழுதுகிட்டு இருக்கேன். கொண்டா அவனை!”

மூன்று பேரும் உட்கார்ந்து தண்ணீரை அடித்தார்கள். மூட்டையின் சிரிப்பைக் கேட்டு மற்ற மூட்டைகளும் வந்து சேர்ந்தன.

“உள்ள நகரு! உள்ள நகரு! இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கு!” என்று அக்கா கத்தினாள். பிறகு நெட்டையைப் பார்த்து, “நீ போ, ரைட்!” என்றாள்.

சறுக்கின் வாசலில் உயரம் பார்க்க ஒரு கோடு இருந்தது. அது நெட்டையின் தோளுக்குத்தான் வந்தது. இந்த உயரத்துக்காகத்தான் வகுப்பில் அவளுக்கு எப்போதும் கடைசி பெஞ்ச்.

தொண்டை கட்டும்வரை அலறினாள்.

மறுபடி ஏறப் போனபோது அப்பா வந்து நின்றார். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

“ஏம்மா என்னை எழுப்பல?”

“நீ பகல்ல தூங்கி நான் பார்த்ததே இல்லப்பா.”

அப்பா கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தொட்டியோரம் உட்கார்ந்தார். மூட்டை அவர் முகத்தில் தண்ணீரை அடித்தான்.

“போ, நல்லா ஏறு,” என்றார் அப்பா, முகத்தைத் துடைத்தபடி.

ஏறினாள், விழுந்தாள், மீண்டும் ஏறினாள். சமையலறைக் கதவு திறந்து நுரைக் கை ஒன்று நீண்டது.

“ஏய் பொண்ணு, தொட்டி எங்க?”

“இன்னும் ஒரே ஒரு தடவைண்ணா!”

தொட்டியின் அடியில் யாரோ போட்ட பிஸ்கட் ஊறிக் கஞ்சியாகப் படிந்திருந்தது. அண்ணனுக்கு அதைத் தேய்த்துக் கொடுக்கிற கடன் அப்படியே நின்றது. நெட்டை படியேறிக்கொண்டிருந்தாள்.