ஆறாவது காகிதப் பை

நவம்பர் 19, புதன். திங்களன்று தோகாஷி ஐயாவின் பழைய கணினித் திரையில் எழுத்தைக் கூர்மையாக்க ஃபோகஸ் திருகைத் திருப்பினேன். முதலில் அது இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளவில்லை. இப்போது எழுத்து மங்கிவிட்டதாம். என் தவறு.

மாலை 4:10. மிசுஹோ நோட்டை மூடினாள். ஒசாகாவில், நிப்பொன்பாஷிக்குப் பின்னால், தோகாஷி வசிக்கும் குடியிருப்பின் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். பகலில் பார்சல் பிரிக்கும் வேலை, மாலையில் மின்னணு வகுப்பு. படக்குழாய் போயிருந்தால் மாற்றுக் கிடைக்காது என்று வகுப்பு ஆசிரியர் கைவிரித்துவிட்டார்.

4:15. தோகாஷி வீட்டுக் கதவருகே, வியாழக்கிழமை வரும் பழைய காகித வண்டிக்காகக் கட்டிவைத்த கட்டு. மேலே சீமைப்பனிச்சைப் பழம் வந்த ஐந்து காகிதப் பைகள், அழகாக மடித்து. எதிர்வீட்டு நிஷியோ போன வியாழன் முதல் தினம் ஒரு பை நிறைய உலர்ந்த பழம் கொண்டுவருகிறார்.

தோகாஷி திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

தோகாஷியும் நிஷியோவும் இளமையில் பாதியில் விட்ட ஒரு கணினி விளையாட்டின் நிரலை, பழைய இதழைப் பார்த்து இரண்டு மாதமாகத் தட்டச்சு செய்கிறார்கள். ஒருவர் எண்களைப் படிப்பார், மற்றவர் அடிப்பார். இன்னும் அரைப் பக்கம்தான். முடிந்ததும் நிஷியோ மகனோடு இருக்க, வடக்கே தொலைவில் இருக்கும் சப்போரோவுக்குப் போய்விடுவார். நேற்று மூன்றரைக்குத் தோகாஷி, நிஷியோவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, டோஃபு வாங்கிவரக் கீழே போனார். திரும்பி வந்து பார்த்தால் எழுத்தெல்லாம் கரைந்திருந்தது. எண் எட்டும் ஆங்கில எழுத்து பி-யும் ஒரே மாதிரி. ஓர் எழுத்து தவறினாலும் விளையாட்டு ஓடாது.

"நேத்து யார் அடிச்சீங்க?" என்று கேட்டாள் மிசுஹோ.

"நான்தான்" என்றார் தோகாஷி. "கீபோர்டை விடவே மாட்டான் இந்த முட்டாள். நேத்து அதிசயமா, நான் படிக்கிறேன்னான்."

"கண்ணு வலிச்சுது" என்றார் நிஷியோ.

மிசுஹோ திரையருகே குனிந்தாள். திருகை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் மெல்லிய சிவப்பு, நீலம். திருப்பத் திருப்ப அந்த நிறம் மட்டும் போகவில்லை.

4:40. தன் தவறையே பார்த்துக்கொண்டிருந்ததில் வேறெதையும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு கதவருகே போய்ப் பைகளை மறுபடி எண்ணினாள்.

"நிஷியோ ஐயா, கேபிளைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"என்கிட்ட எதுக்கும்மா கேக்குற? வீடு இவனோடது, வயர் இவனோடது. இவன் மூளை மட்டும்தான் எங்கேயோ தொலைஞ்சுது."

"ஃபோகஸ் கெட்டா எழுத்து மங்கும், ஓரத்துல நிறம் வராது. மூணு நிறத்தையும் தனித்தனியா கொண்டுவர்ற தடிச்ச கேபிள் பின்னாடி இல்ல. எல்லாத்தையும் கலந்து அனுப்புற மஞ்சள் வயர்தான் இருக்கு. வியாழன்லேர்ந்து நேத்து வரைக்கும் ஆறு நாள். கட்டுல அஞ்சு பை. நேத்து மட்டும் காலிப் பையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்க. அது காலியா போகல."

நிஷியோ எதிர்வீட்டுக்குப் போய், கேபிள் இருந்த பையோடு திரும்பினார்.

"கடைசி வரி அடிச்சதும் பையன் டிக்கெட் எடுத்துடுவான்" என்றார். "அங்க என்னை யாருடா முட்டாள்னு கூப்பிடுவா?"

தோகாஷி பையைப் பிரித்தார். கேபிளைச் செருகினார். எட்டு எட்டாகவும், பி பி-யாகவும் தெரிந்தன. அவர் நகர்ந்து கீபோர்டை நிஷியோவிடம் தள்ளினார். ஒரே ஒரு வரி மிச்சம் இருக்கும்போது இதழை மூடினார்.

"அதை நான் தொட மாட்டேன். புத்தாண்டுக்கு வந்து நீயே அடி, முட்டாள்."

காலிப் பையை மடித்து மற்ற ஐந்தின் மேல் வைத்துக் கட்டை இறுக்கினார். வெகுநேரம் கட்டிக்கொண்டே இருந்தார்.

7:05, வகுப்பு. மிசுஹோ நோட்டைத் திறந்தாள்.

நாளை: தோகாஷி ஐயா வீட்டுத் திருகின் இடத்தைப் பென்சிலால் குறிக்க வேண்டும்.