சராசரி மனிதரின் நெஞ்சு உயரம்

கோபம் வந்தால் அவள் மூக்கிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். அதனால் பள்ளியில் எல்லோரும் அவளைக் 'குக்கர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்காக அவள் யார்மீதும் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படுவதற்கு உலகத்தில் வேறு எத்தனையோ உருப்படியான காரணங்கள் இருக்கின்றன என்பது அவள் கட்சி.

அன்றைய காரணம், அவள் அம்மாவின் ஜெராக்ஸ் கடை மெஷினிலிருந்து சுடச்சுட வெளியே வந்தது.

தொடக்கப் பள்ளிக்கு நேர் எதிரே, பெரிய சாலையின் இந்தப் பக்கம் அந்தக் கடை. பல்கலைக்கழக ஊழியர் ஒருவர் ஒரு தாளைக் கொடுத்து, "நிறைய காப்பி வேணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். மெஷின் ஒவ்வொன்றாகத் துப்பத் துப்ப, குக்கர் அடுக்கிக்கொண்டே படித்தாள்.

'பள்ளியின் எதிரே, சாலையின் நடுத்தடுப்பில் உள்ள இடைவெளி வழியாகச் சாலையைக் கடப்போர் மிகச் சிலரே என்பது பல்கலைக்கழக நகர ஆய்வுத் துறையின் விரிவான ஆய்வில் தெரியவந்துள்ளது. ஆகவே அந்த இடைவெளி கம்பி வேலியால் மூடப்படும். பொதுமக்கள் நடைமேம்பாலத்தைப் பயன்படுத்தலாம். இதுகுறித்த கருத்துக் கேட்புக் கூட்டம் வரும் சனிக்கிழமை பள்ளி அரங்கில் நடைபெறும். அனைவரும் வருக.'

"ஸ்ஸ்ஸ்..."

"என்னடி, பேப்பர் சிக்கிக்கிச்சா?" என்றாள் அம்மா.

"மெஷின்ல ஒண்ணும் சிக்கலம்மா. நாமதான் சிக்கியிருக்கோம். அந்த வழியை அடைக்கப் போறாங்களாம். யாருமே போறதில்லையாம்!"

"யாருமே போறதில்லையா? காலையில மணி அடிக்கிறப்ப அங்க நின்னா மிதிபட்டே செத்துருவோம்!"

கடை வாசலில் தன் சக்கர நாற்காலியை வட்டமடித்துக்கொண்டிருந்த தம்பி சட்டென்று நின்றான். அவன் பட்டப்பெயர் 'ராக்கெட்'. கால்கள் நடக்காவிட்டாலும் அவனைத் துரத்திப் பிடித்தவர்கள் இன்றுவரை யாருமில்லை.

"அக்கா, நடைமேம்பாலம்னா அந்தப் படிக்கட்டுப் பாலமா?"

"ஆமாடா."

"எனக்குப் படியேறத் தெரியாதே." அவன் நாற்காலியின் சக்கரத்தைத் தட்டினான். "இதுக்கும் தெரியாது."

குக்கர் அந்தப் பாலத்தின் படிகளை அண்ணாந்து பார்த்தாள். வழி அடைபட்டால் அவன் பள்ளிக்கு எப்படிப் போவான்? அம்மா கடையைப் பூட்டிவிட்டு அவனை முதுகில் தூக்கிக்கொண்டு தினமும் பாலம் ஏற முடியுமா?

அவள் நேராகச் சாலையின் நடுவுக்குப் போனாள்.

அங்கே இடைவெளியின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கொரு கம்பம் நின்றது. ஒன்றில் கண்ணாடிக் கண் ஒன்று. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளிக்கோடு எதிர்க் கம்பத்துக்குப் போகும். யாராவது குறுக்கே போனால் கோடு அறுபடும், பச்சை விளக்கு ஒருமுறை மின்னும், எண்ணிக்கை ஒன்று கூடும். பக்கத்தில் பெரிய குடையின் கீழே, மடிக்கணினியில் மூழ்கியிருந்தாள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'குடையக்கா'.

"அக்கா, இங்க யாருமே போறதில்லைன்னு எழுதியிருக்கீங்களே, நீங்க இங்கதானே உக்காந்திருக்கீங்க? எங்களைப் பாக்கவே இல்லையா?"

குடையக்கா தலையைத் தூக்கினாள். "இல்லம்மா, நான் ஆளுங்களைப் பாக்கக் கூடாது."

"ஏன்?"

"பாத்தா நம்ம மனசு குறுக்க வந்துருமாம். தரவு கெட்டுப் போயிருமாம். கருவிதான் பாக்கணும், நாம கருவியை மட்டும் பாக்கணும்னு பேராசிரியர் சொல்லியிருக்காரு."

ஆட்களைப் பற்றி ஆராய வந்து, ஆட்களைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதா? குக்கருக்கு அடுத்த விசில் வந்தது. அப்போது கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓர் ஆள் கம்பங்களுக்கு நடுவே போனார். பச்சை மின்னியது. "ஹலோ, சிக்னல் இல்ல, இருங்க" என்று திரும்பி வந்தார். மின்னியது. மறுபடி போனார், மறுபடி வந்தார். அந்த ஒரு மனிதர், குக்கர் கண்ணெதிரே ஒரு குடும்பமாகவே ஆகிவிட்டார்.

குக்கர் குறுக்கே நடந்தாள். விளக்கு சும்மா இருந்தது.

திரும்ப நடந்தாள். அப்போதும் சும்மாதான் இருந்தது.

எம்பிக் குதித்தாள். பச்சை!

"டேய் ராக்கெட், வாடா இங்க!"

ராக்கெட் சர்ரென்று வந்தான், போனான், வட்டமடித்தான். கருவி கொட்டாவிகூட விடவில்லை. பின்னாலேயே பதறி ஓடிவந்த அம்மா குறுக்கே போனபோது பச்சை மின்னியது. குக்கர் யோசித்தாள்.

"அம்மா, அந்த உச்சிக்கொண்டையை அவுத்துட்டு ஒரு தடவை போயேன்."

"நடுரோட்டுல தலையை விரிச்சுப் போடச் சொல்றியா? விளையாடுறியாடி?"

"ஒரே ஒரு தடவைம்மா!"

அம்மா முனகிக்கொண்டே கொண்டையை அவிழ்த்தாள், நடந்தாள். விளக்கு மின்னவில்லை.

"அப்போ இத்தனை நாளா என்னை எண்ணல, என் கொண்டையைத்தான் எண்ணியிருக்கு" என்றாள் அம்மா. இப்போது அம்மாவின் மூக்கிலிருந்தும் லேசாக ஆவி வந்தது.

குடையக்கா கணினியை மூடிவிட்டு எழுந்து நின்றாள். "கையேட்டுல, 'சராசரி மனிதரின் நெஞ்சு உயரத்தில் பொருத்தவும்'னு போட்டிருந்துச்சு..."

"யாரு அந்தச் சராசரி மனிதர்?"

"துறையில அன்னிக்கு யாரும் இல்ல. அதனால பேராசிரியரையே நிக்கவெச்சு அளந்தோம்."

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து பேராசிரியர் இறங்கினார். இறங்கினார், இறங்கினார், இறங்கிக்கொண்டே இருந்தார். அவ்வளவு உயரம்! எந்த வீட்டு வாசலிலும் குனிந்தே நுழைகிற மனிதர் அவர்.

குக்கர் ஓடிப்போய் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கனிவாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எங்கோ மேலேயிருந்து ஒரு கை இறங்கி அவள் தலையைத் தட்டிக்கொடுத்தது.

"குழந்தை, இது உன்னோட தனிப்பட்ட அனுபவம். அனுபவம் தரவு ஆகாது. நாங்க செய்யிறது பன்முக நகரியக் கடப்பியல் ஆய்வு. சனிக்கிழமை கூட்டத்துக்கு வா. இதே கருவியை வாசல்ல வெக்கச் சொல்லியிருக்கேன். எத்தனை பேர் வந்தாங்கன்னு மேடையில திரையிலேயே எண் ஓடும். அறிவியல்னா என்னன்னு நீயே பாக்கலாம்."

கார் போய்விட்டது. குக்கர் 'ஸ்ஸ்ஸ்' என்று ஆரம்பித்தாள். பாதியிலேயே நிறுத்தினாள்.

"இதே கருவியையா வாசல்ல வெக்கப் போறாங்க?" என்று குடையக்காவிடம் கேட்டாள்.

"ஆமா. இதே உயரத்துல."

"அம்மா! 'அனைவரும் வருக'ன்னா அதுல நாங்களும் உண்டா?"

"பஸ்ல டிக்கெட்டுன்னா நீங்க அரை ஆளு. திட்டு வாங்கும்போது முழு ஆளு. கூட்டத்துக்கு எப்படின்னு தெரியலையே" என்ற அம்மா, சற்று யோசித்துவிட்டு, "போட்டிருக்கிறதை நம்பிப் போங்க. 'அனைவரும்'னா அனைவரும்தான்" என்றாள்.

மறுநாளே குக்கர் வகுப்பு வகுப்பாகப் போய், எல்லோரும் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை. பள்ளி அரங்கின் வாசலில் இரண்டு கம்பங்கள். மேடையில் பெரிய திரை, அதன் மேல் 'வருகை புரிந்தோர்' என்ற எழுத்துகள். நடுநாயகமாக மாநகராட்சிப் பொறியாளர் அம்மா. வேலி போடுவதா வேண்டாமா என்று கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். அவருக்கு ஒரு பக்கம் பேராசிரியர். இன்னொரு பக்கம் யாருக்கென்று தெரியாத ஒரு பூங்கொத்து.

பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். ஒன்றாம் வகுப்பு கைகோத்துக்கொண்டு வந்தது. மற்ற வகுப்புகள் முண்டியடித்து வந்தன. "யாரும் குதிக்கக் கூடாது! ஒழுங்கா நடந்து வாங்க!" என்று வாசலில் நின்று குக்கர் கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலிகள் நிரம்பின. தரை நிரம்பியது. ஜன்னல் திட்டு நிரம்பியது. ராக்கெட் முதல் வரிசைக்கு முன்னால் வந்து பிரேக் போட்டான்.

பேராசிரியர் மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்தார். அது எட்டும்வரை எட்டிவிட்டு நின்றுகொண்டது. கையிலிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தார்.

"நகரம் என்பது எண்களின் கவிதை! பாருங்கள், இக்கூட்டத்துக்கு இதுவரை வருகை புரிந்தோர்..." திரும்பித் திரையைப் பார்த்தார். "ஒன்பது பேர். இந்தச் சாலைக் கடப்பில் மக்களுக்கு அக்கறையே இல்லை என்பது மீண்டும் நிரூபணமாகிறது!"

அரங்கமே கொல்லென்று சிரித்தது. பொறியாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அரங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார்.

"ஒன்பது பேரா சார்?"

"கருவி பொய் சொல்லாது மேடம்."

"அப்போ என் கண்ணுதான் பொய் சொல்லுதா? அந்த ஜன்னல்ல மட்டுமே பத்துப் பேர் தொங்குறாங்களே!"

குக்கர் எழுந்தாள்.

"மேடம், அது எங்களை எண்ணாது. ரோட்டுலயும் எண்ணல. இங்கயும் எண்ணல. இப்பவே காட்டறேன், பாருங்க. டேய், போடா!"

ராக்கெட் வாசலைத் தாண்டிப் போய், தாண்டி வந்தான். திரையில் ஒன்பது. ஒன்றாம் வகுப்பு மொத்தமும் போய்ச் சுற்றிவிட்டு வந்தது. அப்போதும் ஒன்பது.

"சார், நீங்க ஒரு தடவை போங்களேன்" என்றார் பொறியாளர் அம்மா. பேராசிரியர் போனார். பத்து. திரும்பி வந்தார். பதினொன்று.

"இந்த உயரத்தை யார் முடிவு பண்ணாங்க?"

பேராசிரியர் அரங்கைத் துழாவிப் பார்த்தார். பின்வரிசையில் குடையக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "யாரும்மா உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?" என்று பேராசிரியர் குக்கரைக் கேட்டார்.

"யாரும் சொல்லிக்கொடுக்கல சார். நானே குதிச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சேன்."

அவ்வளவுதான், குடையக்காவே எழுந்துவிட்டாள். "நான்தான் மேடம் பொருத்தினேன். சராசரி மனிதர்னு சாரை அளந்தோம். தப்புதான். அதைவிடப் பெரிய தப்பு, அங்கயே உக்காந்துகிட்டு ஒரு தடவைகூட நிமிர்ந்து பாக்காம இருந்தது."

பொறியாளர் அம்மா பேராசிரியரை அடியிலிருந்து முடிவரை பார்த்தார். சற்று நேரம் பிடித்தது.

"இவரா சராசரி?"

சிரிப்பு அடங்குவதற்குள் குக்கர் சொன்னாள். "சிரிக்கிற விஷயமில்ல மேடம். நீங்க வேலி போட்டா என் தம்பி பள்ளிக்கூடமே வர முடியாது. அவன் போறதே இல்லைன்னு எழுதிட்டு, அவன் போற வழியை அடைக்கிறீங்க. இது எந்த ஊர் நியாயம்?"

பொறியாளர் அம்மா பேனாவை மூடிப் பையில் போட்டார்.

"வேலி கிடையாது. முதல்ல ஒழுங்கா எண்ணிட்டு வாங்க. எண்ணினா மட்டும் போதாது, போறவங்க வர்றவங்ககிட்ட வாயைத் திறந்து கேளுங்க."

அடுத்த வாரம் ராக்கெட்டை உட்காரவைத்து, அவன் தோள் உயரத்தில் இன்னொரு கண் பொருத்தப்பட்டது. குடையக்கா குடையை மடக்கிவிட்டாள். "எங்க போறீங்க? எவ்வளவு நேரம் காத்து நிக்கறீங்க? எங்க பயமா இருக்கு?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். தள்ளுவண்டிக்காரர், சாலையோர விளிம்புக்கல் தன் வண்டிச் சக்கரத்தை உடைக்கிறது என்றார். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, பாலத்தில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டதைச் சொன்னாள். பல்கலைக்கழகம் அதையெல்லாம் வைத்துப் புதிய வரைபடம் போட்டது. இந்தத் தடவை அதில் மனிதர்கள் இருந்தார்கள்.

சில மாதங்களில் அங்கே வெள்ளைக்கோடுகள் வந்தன, நடுத்தடுப்பில் சரிவுப் பாதை வந்தது, சிக்னல் வந்தது. கூடவே ஒரு பெரிய பலகையும் வந்தது. அதில் பேராசிரியர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அடியில் எழுதியிருந்தது:

'நகர ஆய்வில் புதிய திருப்பம்! சிறுவர்களும் சாலையைக் கடக்கிறார்கள் எனப் பேராசிரியர் கண்டுபிடிப்பு!'

"எங்களைக் கண்டுபிடிச்சாராமா?" குக்கருக்கு எத்தனை விசில் வந்தது என்று யாரும் எண்ணவில்லை. "நாங்க என்ன தொலைஞ்சா போயிருந்தோம்?"

"விடுக்கா, மணி அடிக்கப் போகுது" என்றான் ராக்கெட்.

அப்போது பேராசிரியரே நடந்து வந்தார். தன் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்தாயிற்று, இனி எதிர்ப்பக்கம் போக வேண்டும் அவருக்கு. சிக்னல் கம்பத்தின் முன்னால் நின்று பொத்தானைத் தேடினார். தன் முகத்துக்கு நேரே பார்த்தார். நெஞ்சுக்கு நேரே பார்த்தார். கம்பத்தைச் சுற்றி வந்தும் பார்த்தார்.

"இன்னும் கீழ சார்" என்றான் ராக்கெட்.

பேராசிரியர் குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நன்றாகக் குனிந்து, ராக்கெட்டின் கைக்கு எட்டும் உயரத்திலிருந்த பொத்தானை அழுத்தினார். சிவப்பு விழுந்து வண்டிகள் எல்லாம் நின்றன. அவர் நிமிர்ந்து முடிப்பதற்குள் அக்காவும் தம்பியும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.