நாற்பத்தொன்றாவது விரிசல்

"எண்ணுடி... ஒண்ணொண்ணா எண்ணு!"

செல்போன் அலறியது.

அவள் பதறிப்போய் அதை ஸ்விட்ச் ஆஃப் செய்தாள். அக்காவின் குரல். அக்கா செத்துப் பதினோரு மாதம் ஆகிறது!

போன் அக்காவுடையது. அலாரத்துக்குத் தன் குரலையே பதிந்து வைத்திருந்தாள் மகராசி. அதை மாற்றத் தங்கைக்கு மனசு வரவில்லை.

"போன்ல யாரு மேடம்?"

கேட்டவர் மியூசியத்தின் ஸ்டோர் பொறுப்பாளர். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று சந்தேகப்பட வைக்கும் வெள்ளைக் கையுறை.

"அலாரம் சார்."

மூலையில், பெட்டி கட்ட வந்த ஆள் ஸ்க்ரூடிரைவரும் கொட்டாவியுமாக உட்கார்ந்திருந்தான்.

பழைய ஓவியங்களுக்குத் துணையாக நாடு நாடாகப் பறப்பது அவள் வேலை. அக்காவுக்கும் அதே வேலைதான். ஓவியம் மெத்தை வைத்த பெட்டியில் சொகுசாகப் போகும். துணைக்குப் போகிறவளுக்கு முட்டி இடிக்கிற சீட்!

கண்காட்சிக்காக அக்கா கொண்டுவந்த ஓவியம் இப்போது மேஜை மேல் கிடந்தது. முந்நூறு வயது ராணி. திரும்ப அழைத்துப் போகத் தங்கை வந்திருக்கிறாள்.

ராணி அவளையே பார்த்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்தப் படிக்கட்டு. அக்கா உருண்டு விழுந்த படிக்கட்டு. யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம்... அக்கா அப்படித்தான் நடப்பாள்.

திரும்பினாள். யாருமில்லை. அவளுக்கு அழுகை முட்டியது.

"முன்ன வந்த அம்மா பாவம்," என்றார் பொறுப்பாளர். "ஓவியத்துக்கு ரூம் சூடு பழகணும்னு பெட்டியை ஒரு நாள் முழுக்கத் திறக்க மாட்டோம்ல? அதுக்குள்ள கால் இடறி... இங்க ஓவியத்தைப் பார்க்கக்கூட அவங்களுக்குக் குடுத்து வைக்கல."

ஓவியத்துக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த ஓர் அறிக்கையை நீட்டினார். ஓவியத்தில் எங்கெங்கே விரிசல் என்ற பட்டியல். அக்காவின் கையெழுத்து!

"மொத்தம் நாற்பத்தொண்ணு. சரி பார்த்துட்டு ஒரு கையெழுத்து போடுங்க."

போட்டால் எல்லாம் முடிந்தது. அக்காவின் சாவு விபத்தாகவே நின்றுவிடும்.

லென்ஸை எடுத்தாள். நெற்றியில் பன்னிரண்டு. கழுத்தில் ஒன்பது...

முப்பத்தொன்பது... நாற்பது...

இடது காதுக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு.

நாற்பத்தொன்று!

"பார்த்தீங்களா? அச்சு அசலா இருக்கு!"

"அச்சாத்தான் இருக்கு சார். அசலா இல்ல."

"என்ன உளர்றீங்க?"

"அசல்ல நாற்பதுதான்! போலி பண்றவங்களைப் பிடிக்க, முன்ன வந்தவ முன்கூட்டி அனுப்புற அறிக்கையில மட்டும் இல்லாத ஒரு விரிசலைச் சேர்த்துடுவா. வீட்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. ஓவியம் வர்றதுக்கு முன்னாடியே அந்த அறிக்கையைப் பார்த்துப் போலி தயார் பண்ணிட்டீங்க. பெட்டி மூடிக் கிடந்த அந்த ஒரு நாள்ல மாத்திட்டீங்க!"

"வீட்லயா...? நீ யாரு?"

"அவ தங்கச்சி."

வெள்ளைக் கையுறை அறிக்கையைக் கசக்கிப் பிடித்தது.

"பொய்! அவளும் இதே மேஜையில நின்னு, இதே கோட்டைக் காட்டி, இதையேதான் சொன்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடியே விழுந்தவங்க, இந்த மேஜைக்கு எப்படி சார் வந்தாங்க?"

கேட்டது பெட்டி கட்ட வந்த ஆள்! கையில் ஸ்க்ரூடிரைவர் இல்லை. விலங்கு இருந்தது.

"இன்ஸ்பெக்டர் சார்..." தங்கை தேம்பினாள்.

அப்போது...

"எண்ணுடி... ஒண்ணொண்ணா எண்ணு!"

அணைத்து வைத்த போன்!

பொறுப்பாளர் இரண்டடி பின்வாங்கினார்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு போனைப் பார்த்துச் சொன்னார்:

"உங்க தங்கச்சி எண்ணி முடிச்சாச்சும்மா. இனிமே சார் எண்ணுவார்... கம்பியை!"