நீலத்தில் நின்ற ஜாதகம்

மகளின் பிறந்த தேதியைத் தட்டி என்டரை அழுத்தியதும் திரை முழுக்க நீலமானது.

வாசலில் 'கம்ப்யூட்டர் பொய் சொல்லாது' என்று போர்டு மாட்டியிருந்த நாறும்பூநாதன், அதைக் கரண்டுக் கோளாறு என்றே எடுத்துக்கொண்டார். தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றதும் ஜாதகம் கணிக்கும் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, வண்ணார்பேட்டை ஜோசியர்களையெல்லாம் வெற்றிலை மெல்ல மட்டும் லாயக்கானவர்களாக ஆக்கியவர் அவர். பிரம்மாவுக்கே தலையெழுத்தைப் பிழைதிருத்திக் கொடுப்பவர்போலச் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டுதான் தட்டுவார். நாளைக் காலை மகள் சித்ரலேகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். இவர் வீட்டு ஜாதகம் கையெழுத்தில் போனால் மானம் போய்விடும்.

மறுபடி போட்டார். நீலம். வெளியே ஐப்பசி மழை ஓட்டில் விழுந்து வழிய, ஈரச்சுவரின் பூஞ்சை வாடையும் சூடான பிளாஸ்டிக் வாடையும் கலந்து அறையில் நிற்க, பெட்டிக்குள் சுழலும் காற்றாடி யாரோ வாயை மூடிக்கொண்டு மூச்சு விடுவதுபோல இரைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஜாதகத்தைப் போட்டுப் பார்த்தார். பிரிண்டர் கிறீச்சிட்டு முழுசாக அடித்துத் தந்தது. மனைவி பிரம்மநாயகியுடையது? நீலம். தன்னுடையது? நீலம்.

பொழுது சாயும் நேரத்தில் மெக்கானிக் ஜெய்சன் நனைந்துகொண்டு வந்தான். பெட்டியைக் கழற்றி, ரேமை உருவி அழிரப்பரால் தேய்த்துச் செருகினான்.

"உன் தேதியச் சொல்லுலே, போட்டுப் பாப்போம்."

"நமக்கு ஏது அண்ணாச்சி ஜாதகம்? ஞானஸ்நான சர்டிபிகேட்டுதான்."

சொன்னான். அச்சானது. சித்ராவுடையது மறுபடியும் நீலம்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்டு ஆளுகளத்தான் அதுக்குப் பிடிக்கல."

பிரம்மநாயகி அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள். "இந்த மழையில எங்கன போவ தம்பி? சாப்ட்டுட்டு ராத்திரி இங்கனயே படு."

"சரி மதினி."

சிரித்துக்கொண்டே தன் தேதியை மறுபடி தட்டினான்.

நீலம்.

சிரிப்பு அப்படியே நின்றது. பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "இல்ல மதினி, நான் கெளம்புதேன்." தட்டினான். பிரிண்டர் ஓடியது. பையைக் கீழே வைத்தான். "சரி, இருக்கேன்." நீலம்.

இன்று ராத்திரி இந்த வீட்டில் இருக்கப்போகிறவர்களுக்கு ஜாதகம் இல்லை.

மூன்று பேரும் நாங்குநேரியில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது என்று நாறும்பூநாதன் முடிவெடுத்தார். மகள் தேதியைத் தட்டினார். நீலம். தங்கை தேதியைப் போட்டார். அவளும் நீலம்.

வீடு அல்ல. அவர்கள்தான்.

சித்ராவை மட்டும் அனுப்பினால்? ஜெய்சனோடு, அவன் அத்தை கெசியா டீச்சர் வீட்டுக்கு?

தட்டினார். பிரிண்டர் கிறீச்சிட்டது.

சம்பந்தம் பேசினால் ஏழு தலைமுறைக் கிளை விசாரிக்கிற மனிதர். பெண் பார்க்க வரும் நாளுக்கு முந்தின இரவு, வேதக்காரப் பையன் வண்டியில் மகள். ஊர் வாய் கண்முன் வந்தது. காகிதத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"ஏட்டி, கெளம்பு."

"அப்பா, நீங்க?"

"கெளம்புங்கேன்லா! லே ஜெய்சா, எங்கனயும் நிக்காத. என்ன நடந்தாலும் திரும்பி வராதீங்க."

ஸ்கூட்டர் சத்தம் மழைக்குள் கரைந்தது. கதவைத் தாழிட்டார். பிரம்மநாயகி சுவரோரம் சரிந்து உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மனசு கேட்கவில்லை. மகள் தேதியை மறுபடி போட்டார். பெயர் விழுந்தது. நட்சத்திரம் விழுந்தது. கட்டங்கள் வரிவரியாக இறங்கின. இங்கே இல்லை அவள். தூரத்தில் இருக்கிறாள். பிழைத்தாள்.

கதவு தட்டப்பட்டது.

"அப்பா. கதவத் தொறங்க."

சித்ராவின் குரல். அதே குரல்.

பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வந்திருந்தால் திரை நீலமாகி அது நின்றிருக்க வேண்டும்.

"அம்மா, நனையுதேன்மா."

"வந்துட்டியாட்டி!" பிரம்மநாயகி எழுந்து ஓடினாள். "தொறக்காதட்டி!" என்று நாறும்பூநாதன் கத்தினார். மேஜையைத் தள்ளிவிட்டு அவள் பின்னால் ஓடினார். எட்டவில்லை.

தாழ்ப்பாள் இழுபட்டது.

பிரிண்டர் நிற்கவில்லை.